ரஹீம் அண்ணன் கணினியில் குரல் நிறுவியது

முப்பதுகளில் இருக்கும் ஒருத்தி ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்த வேலை இப்போது இல்லை. பினாங்குத் தீவின் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். மேசைக் கணினிகளில் மென்பொருள் நிறுவுவது, பழுது பார்ப்பது, ஆட்களைப் பழக்குவது, இவை மூன்றும்தான் வேலை. இப்போது அதைக் கோலாலம்பூரில் இருக்கும் சர்வர் தானாகவே செய்துவிடுகிறது. பிரிவை மூடியபோது விருப்ப விலகல் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்து இப்போது வேறு இடங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வாட்சாப் குழுவில் கேட்டார்கள். அவர்களுடைய அலுவலகம் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறப் போகிறதாம். பழகாத கணினியில் நிறுவும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும், ஒரு பட்டியல் போட்டுத் தாருங்கள் அக்கா என்றார்கள். பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதியதுமே ரஹீம் அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் அந்த வரி யாருக்கும் புரியாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. முதல் வேலை மாக் மண்டினில் இருந்த எங்கள் நிறுவனத்தின் கிடங்கில். சுங்கை பினாங்கு வீட்டிலிருந்து காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவேன். தூசியில் மூச்சடைத்துப் போன கணினிகளைத் திறந்து ஊதுவேன். பிறகு தீவுக்கே மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி யோகேஸ்வரி மேடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்த குடும்பம். வீட்டில் ஆங்கிலம் பேசுபவர், எங்களிடம் தமிழில் பேசினால் அதில் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறொருவர் உட்கார்ந்திருக்கும் கணினியை அவர் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சிக்கல் என்று கூப்பிட்டால் வந்து நின்று ஒரே கேள்வி கேட்பார். "என்ன சொல்லுது?" நாம் நினைப்பதைச் சொல்லக் கூடாது. திரையில் இருப்பதை எழுத்து மாறாமல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பாதிச் சிக்கல்கள் வாசிக்கும்போதே தீர்ந்துவிடும். ஆனாலும் எங்களுக்கு அது பள்ளிக்கூடம் போலத்தான் இருந்தது. பின்னால் கேலியும் செய்வோம்.

தலைமை அலுவலகம் லினக்ஸுக்கு மாறச் சொன்ன வருடம் எங்கள் யாருக்கும் அந்தக் கணினி பழக்கமில்லை. விண்டோஸில் பழகிய கை ஒரு மாதிரி வேலை செய்யும். வேண்டிய மென்பொருளை இணையத்தில் தேடும், இறக்கும், இரண்டு முறை தட்டும், 'அடுத்து, அடுத்து, சரி' என்று போய்க்கொண்டே இருக்கும். லினக்ஸில் வழி வேறு. அந்தக் கணினிக்கென்று சோதித்து வைத்த களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொன்னால் அங்கிருந்து அதுவே கொண்டுவரும், அது ஓடத் தேவையான துணைப்பொருட்களையும் சேர்த்துக் கொண்டுவரும். வெளியிலிருந்து நாமாக எதையாவது கொண்டுவந்து நுழைத்தால், அதற்கு இடம் செய்ய ஏற்கனவே இருப்பதில் சிலவற்றை நீக்கட்டுமா என்று கேட்கும். நீக்கப்போகும் பெயர்களை வரிசையாகக் காட்டிவிட்டு, ஆம் என்றால் ஒய் (Y), இல்லை என்றால் என் (N) எழுத்தைத் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். 'சரி' தட்டிப் பழகிய கை அந்த வரிசையைப் பார்க்காது. ஒய் தட்டிவிடும்.

எங்கள் பிரிவில் இருந்த குமார் அப்படித்தான் தட்டினான். மாக் மண்டின் கிடங்கில் லேபிள் அச்சடிக்கும் கருவிக்காக ஒரு மென்பொருளை வெளியிலிருந்து இறக்கி நிறுவினான். அடுத்த முறை கணினி எழுந்தபோது படங்களும் இல்லை, ஜன்னல்களும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். மேசைத்திரை முழுவதையும் நீக்கச் சம்மதம் கொடுத்திருந்தான். வெளியே லாரிகள் லேபிளுக்காகக் காத்திருந்தன. மேடம் ஃபெர்ரியில் வந்தார். திட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கணினி வைத்திருந்த பதிவைத் திறந்து, அவன் எதற்கெல்லாம் ஆம் சொன்னான் என்று அவனையே வாசிக்கச் சொன்னார். பெயர் பெயராக வாசித்தான். பத்துப் பதினைந்து பெயர்களுக்குப் பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பிரிவில் அது விதியானது. நீக்கும் வரிசை வந்தால் வாய்விட்டு வாசித்த பிறகுதான் விரல்.

இனி ரஹீம் அண்ணன்.

எங்கள் நிறுவனத்துக்கு யார் அழைத்தாலும் முதலில் எடுப்பவர் அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. அழைப்பவர் பெயர் சொல்வதற்குள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார், யாருக்கு இணைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்துவிடும். கப்பல் முகவர்கள் அவரிடம் பேசுவதற்காகவே அழைப்பதுண்டு. அவருடைய அண்ணன்மார் இருவரும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு வந்துவிடு என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க போனா சும்மா உக்கார வச்சு சோறு போடுவாங்க மா," என்றார். "நல்ல சோறு லா. அதான் பயமா இருக்கு."

அவருடைய பழைய கணினியில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தது. அதில் பேசும் குரலின் பெயர் ஈஸ்பீக். இயந்திரக் குரல், ஏற்ற இறக்கமே கிடையாது. அவருக்கு மட்டும் புரியும் வேகத்தில் ஓடும். அதைக் கேட்டுத்தான் தொலைபேசி மென்பொருளை இயக்கினார். இப்போது அந்தக் கணினியும் மாற வேண்டும்.

நிர்வாக மேலாளர் பிரகாஷ் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே ஒரு முடிவு தயாராக இருந்தது. ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, மலாய்க்கு இரண்டை அழுத்து என்று சொல்லும் தானியங்கிக் குரலை மற்றக் கிளைகளுக்கு வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பிரகாஷ் நேரில் நின்று பார்ப்பார். புதிய கணினியில் ரஹீம் அண்ணன் தனியாக வேலை பார்த்தால் இடம் இருக்கும். இல்லையென்றால் அந்த மேசையை எடுத்துவிடுவார்கள். இதை அவரே அண்ணனிடம் வந்து சொன்னார். "எனக்கு மேல கேக்குறாங்க அண்ணே," என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் ஆரம்பித்தோம். எனக்கு வேண்டியவை இரண்டு. படித்துச் சொல்லும் மென்பொருள், தொலைபேசி மென்பொருள். முதலாவதைக் களஞ்சியத்திலிருந்து கேட்டேன். வந்தது. திறந்ததும் பேசியது. அண்ணன் முகம் மலர்ந்தது.

"இங்கயும் இவன்தானா? சரி, பழகின ஆளு."

இரண்டாவதும் களஞ்சியத்தில் இருந்தது. நிறுவினேன். பார்க்க அழகாக இருந்தது. பதில் சொல்ல ஒரு பச்சைப் பொத்தான், இணைப்பை மாற்ற ஒரு நீலம், துண்டிக்க ஒரு சிவப்பு. அண்ணன் விசைகளில் நகர்ந்தார். ஈஸ்பீக் படித்தது: பட்டன். அடுத்தது: பட்டன். அதற்கடுத்தது: பட்டன். செய்தவர்கள் பொத்தான்களுக்கு நிறம் கொடுத்திருந்தார்கள், பெயர் கொடுக்கவில்லை.

"என்னம்மா, பட்டன் கடை வச்சிருக்கீங்களா?" என்றார் அண்ணன். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தன.

களஞ்சியத்தில் இருந்த மற்றவற்றையும் பார்த்தேன். ஒன்று எங்கள் தொலைபேசி அமைப்போடு பேசவில்லை. இன்னொன்று திறக்கவே இல்லை. வெளியில் தேடினேன். எல்லாப் பொத்தான்களுக்கும் பெயர் உள்ளது என்று பார்வையற்ற பயனர்கள் பரிந்துரைத்த ஒன்று கிடைத்தது. கொஞ்சம் பழையது. அலுவலகம் முடியும் நேரம் நெருங்கியிருந்தது. இறக்கினேன், நிறுவச் சொன்னேன். கணினி யோசித்துவிட்டு நீக்கும் வரிசையைக் காட்டியது.

நான் தேடியது மேசைத்திரையின் பெயரை. அது இல்லை. அப்பாடா என்று இருந்தது. பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"வாசியுங்கோ பிள்ளை."

வாசித்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள். நாக்குதான் ஓடியது. முடிக்கப் போகும்போது அண்ணன் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார்.

"நில்லு. கடைசிக்கு முந்தி என்ன சொன்னே?"

பார்த்தேன். "ஈஸ்பீக்."

"அவனை எதுக்கு வெளிய அனுப்புறீங்க?"

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பழைய மென்பொருளுக்கு வேண்டிய ஒலித் துணைப்பொருள் குரலுக்கு வேண்டியதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று கணினி முடிவுகட்டியிருந்தது. ஒய் தட்டியிருந்தால் தொலைபேசி வந்திருக்கும், அதைச் சொல்லும் வாய் போயிருக்கும்.

"இல்லை எண்டு அடியுங்கோ," என்றார் மேடம்.

அடித்தேன். பிறகு என்னால் அமைதியாக யோசிக்க முடிந்தது. அதே மென்பொருள் தனக்கு வேண்டிய துணைப்பொருட்களையெல்லாம் தனக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வரும் வடிவத்திலும் கிடைக்கும். பெரியது, இறங்க நேரம் எடுக்கும், ஆனால் கணினியில் இருக்கும் எதையும் தொடாது. அதை இறக்கினோம். நீக்கும் வரிசை வரவில்லை. அண்ணன் விசைகளில் நகர்ந்தார். பதில், மாற்று, துண்டி என்று குரல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படித்தது. என் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். எடுத்தார், மேடத்துக்கு மாற்றினார், அவர் அறையில் மணி அடித்தது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. பிரகாஷ் பக்கவாட்டில் நின்றார். மேடமும் நானும் கொஞ்சம் தள்ளி நின்றோம். அண்ணன் கணினியை இயக்கினார். விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. நுழைவுத் திரை வந்தது, அவர் பெயர், கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம்.

குரல் வரவில்லை.

அண்ணன் காத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் நாங்கள் உள்ளே நுழைந்த பிறகு இருந்த கணினியைத்தான் சோதித்தோம். நுழைவுத் திரை வேறு நிரல். அது இன்னும் யாரும் உள்ளே வராத கணினி, அங்கே அண்ணனுடைய அமைப்புகள் எதுவும் ஓடாது. கண் உள்ள எங்களுக்கு அது ஒரு தடையாகவே தெரியவில்லை. பார்த்தோம், தட்டினோம், உள்ளே போனோம்.

"கதவு எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேங்குது மா," என்றார் அண்ணன் மெதுவாக. பிரகாஷுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார். கேட்டது.

நான் விசைப்பலகையை நோக்கிப் போய்விட்டேன்.

"ரேணுகா."

மேடத்தின் குரல். அவர் கைகள் பின்னால்தான் இருந்தன. எனக்குப் புரிந்தது. நான் தட்டினால், தட்டியது நான் என்று ஆகிவிடும். என் கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். திரையில் இருப்பதை வாசித்தேன். ரஹீம் என்ற பெயர் தெரிவாகியிருக்கிறது, கீழே கடவுச்சொல் கட்டம், மின்னும் இடங்காட்டி அதில்தான் நிற்கிறது. அவர் தட்டினார். உள்ளே போனார். ஈஸ்பீக் பேச ஆரம்பித்தது. அதே சமயம் முதல் அழைப்பு வந்தது.

அடுத்த அரை மணி நேரம் நாங்கள் மூவரும் சும்மா நின்றோம். அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு காதில் அழைப்பவர், மறு காதில் ஈஸ்பீக். அண்ணன் ஒன்றையும் தவறவிடவில்லை. ஒரு முகவரிடம் அவர் மகளின் கல்யாணம் எப்படி நடந்தது என்றுகூட விசாரித்தார்.

இடைவெளி கிடைத்ததும் பிரகாஷ் பேசினார். "வேலையில ஒரு குறையும் இல்ல அண்ணே. ஆனா காலையில யாராச்சும் பக்கத்துல நின்னு வாசிக்கணும்னா, நான் மேல என்ன சொல்றது?"

"அது அவரின்ட குறை இல்லை," என்றார் மேடம். "நாங்கள் முடிக்காமல் விட்ட வேலை. இப்ப முடிக்கிறம்."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நுழைவுத் திரைக்கும் குரல் வரச் செய்ய, களஞ்சியத்திலிருந்து ஒரு சிறிய பொருளும் ஓர் அமைப்பு மாற்றமும் வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் நான் தட்டினேன். மீதியை, நான் சொல்லச் சொல்ல, அண்ணனே தட்டினார். நிறுவுவதற்கு முன் கணினி கேட்க வேண்டியதைக் கேட்டது. இம்முறை யாரும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ஈஸ்பீக் வாசித்தது. சேர்வது ஒன்று, நீங்குவது எதுவுமில்லை. அண்ணன் கடைசி எழுத்து வரை கேட்டார். பிறகு ஒய் தட்டினார்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, வெளியே போய்த் திரும்ப நுழைவது. வெளியே போனால் தொலைபேசியும் நின்றுவிடும். குரல் வராவிட்டால் பிரகாஷ் கண் முன்னால் இரண்டாவது முறை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். பிரகாஷே தயங்கினார். மதிய உணவு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஓடுகிறதே என்றார். மேடம் அண்ணனைப் பார்த்தார். முடிவு அவருடையது என்பது போல நின்றார். வேண்டாம் அண்ணே, இருங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது.

"இப்ப உள்ளதான் இருக்கேன் பாஸ்," என்றார் அண்ணன். "நாளைக்குக் காலைல?"

வெளியேறும் கட்டளையைக் கொடுத்தார். ஜன்னல்கள் மூடின. திரை கறுத்தது. நுழைவுத் திரை வந்தது, அவர் பெயர், கீழே கட்டம். சத்தமில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. பிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார், பார்த்தார். அண்ணன் தலையைச் சாய்த்தபடி அசையாமல் இருந்தார். மூச்சுவிட்டால் எங்கே குரல் கேட்காமல் போய்விடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஏற்ற இறக்கமில்லாத குரல், அவர் பெயரைச் சொன்னது. கடவுச்சொல் கேட்டது.

அண்ணன் தட்டும்போது முதல் முறை தவறிவிட்டது. தவறு என்று குரல் சொன்னது. "தெரியும் லா, தெரியும்," என்றார் அதனிடம். மீண்டும் தட்டினார். உள்ளே போனார். தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னார், எப்போதும் போல.

பிரகாஷ் அவர் தோளைத் தொட்டுவிட்டு மாடிக்குப் போனார். தானியங்கிக் குரல் பேச்சு எங்கள் கிளையில் அதன்பின் எழவில்லை. மாலையில் மேடத்திடமிருந்து புதிய விதி வந்தது. எந்தக் கணினியில் எதை நிறுவினாலும், அணைத்து, மீண்டும் எழுப்பி, அதில் உட்காரப் போகிறவர் தன் கையால் உள்ளே நுழைந்து காட்டிய பிறகே வேலை முடிந்ததாகும். நாம் நுழைந்து பார்த்தது கணக்கில் வராது. பிள்ளைகளே, உங்கள் பட்டியலில் நான் எழுதிய முதல் வரி இதுதான்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் வேலை பார்த்தேன். மேடம் முறையாக ஓய்வு பெற்றுப் போனார். கடைசியில் எங்கள் பிரிவு மேசைகளைத்தான் எடுத்தார்கள். ரஹீம் அண்ணன் மேசை இன்னும் இருக்கிறது.

போன மாதம் வரிக் கணக்குக்கு ஒரு பத்திரம் வேண்டியிருந்தது. பழைய அலுவலகத்துக்கு அழைத்தேன். மணி ஒருமுறை அடித்ததும் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரேணுவா?" என்றார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கணினி எப்படி என்றும் கேட்டேன். பழக்கம்.

"இப்ப ராத்திரில கோலாலம்பூர் சர்வர் அதுவா வந்து என்னென்னமோ போட்டுட்டுப் போவுது மா. யாரும் வாசிக்கிறது இல்ல. எதை எடுத்துச்சு, எதை வச்சிச்சுன்னு காலைல வந்தாதான் தெரியும். நான் வந்ததும் முதல்ல அவனைப் பேசச் சொல்வேன். பேசினாதான் தோள்ல இருக்கிற பைய கீழ வைப்பேன்."

"இன்னிக்குப் பேசினானா அண்ணே?"

"பேசிட்டான். பை கீழதான் இருக்கு. சொல்லு மா, யாருக்கு லைன் கொடுக்கட்டும்?"